உலோகம் கலந்த மண்ணைச் செடியும் பூஞ்சையும் கொண்டு சரிசெய்வது எப்படி?

ஈயமோ காட்மியமோ மண்ணில் கலந்துவிட்டால், குப்பை மாதிரி அது மட்கிப் போகாது. எத்தனை வருடமானாலும் அங்கேயேதான் கிடக்கும். செடியால் அதை அழிக்க முடியாது. உறிஞ்சி இலைக்கு ஏற்றும், நாம் அறுத்து வெளியேற்றலாம். இல்லையென்றால் வேரடியிலேயே பிடித்து வைத்து, தூசியாகப் பறக்காமலும் நிலத்தடி நீரில் இறங்காமலும் காக்கும். இந்த இரண்டில் எது வேண்டும் என்று முடிவெடுக்காமல் விதை வாங்காதீர்கள்.

முதல் வேலை மண் பரிசோதனை. பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதில் அரைக் கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். என்னென்ன உலோகம் எவ்வளவு, பி.எச். (மண்ணின் அமில, கார அளவு) எவ்வளவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள்.

அடுத்தது செடி. ஆர்செனிக் என்றால் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி. மரம் கெடாமல் இருக்கப் பூசும் மருந்தால் கெட்டுப்போன மண்ணில் இது செழித்து வளர்ந்து, இலைகளில் ஆர்செனிக்கைக் குவிப்பதை 2001-ல் கண்டுபிடித்தார்கள். துத்தநாகம், காட்மியத்துக்குக் கடுகுக் குடும்பத்தின் நொக்கேயா செருலெசென்ஸ் இருக்கிறது, ஆனால் குட்டிச் செடி, மெதுவாகத்தான் வேலை நடக்கும். ஈயம் மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்வதால் தண்டுக்கு அதிகம் ஏறாது. வெட்டிவேர் நட்டு அங்கேயே கட்டிப்போடுவதுதான் சரி. ரசாயனம் ஊற்றி ஈயத்தைக் கரைத்து உறிஞ்சவைக்கும் முறையும் உண்டு, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், செடி குடித்ததுபோக மிச்சம் கீழே நிலத்தடி நீருக்குப் போய்விடும்.

இனி பூஞ்சை. வேர் உட்பூசணம், அதாவது மைக்கோரைசா, வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத இடத்துக்கும் தன் இழைகளை நீட்டி மணிச்சத்தையும் தண்ணீரையும் கொண்டுவந்து கொடுக்கும். கெட்ட மண்ணில் செடி பிழைப்பதற்கு அது பெரிய பலம். உலோகத்தின் ஒரு பகுதி அந்த இழைகளின் சுவரிலேயே ஒட்டி நின்றுவிடும். ஆனால் கடுகுக் குடும்பச் செடிகள் பொதுவாக இந்தப் பூஞ்சையோடு சேராது, அதற்குப் போட்டால் காசுதான் வீண். வெட்டிவேருக்கும் பெரணிக்கும் போடுங்கள். மேலே தூவினால் பயனில்லை. நடும் குழியில், வேரில் படும்படி வையுங்கள். மணிச்சத்து உரம் தாராளமாகப் போட்டால் செடி பூஞ்சையைத் தேடாது, பூஞ்சைக்கொல்லி தெளித்தால் சொல்லவே வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து மெல்லிய வேர் கொஞ்சம் எடுத்து, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். வேர்ச் செல்லுக்குள் பொடிப்பொடியாய்க் கிளைவிட்ட மரம் மாதிரி தெரிந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது.

அப்புறம் அறுவடை, இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெரணி இலை உதிரும் முன்பே கையுறை போட்டு அறுங்கள், கிழங்கை விட்டுவைத்தால் மறுபடி துளிர்க்கும். அறுத்ததை உரக்குழியில் போட்டால் உலோகம் திரும்ப மண்ணுக்கே வரும், மாட்டுக்குப் போட்டால் பாலுக்கும் போகலாம், திறந்தவெளியில் எரித்தால் ஆர்செனிக்கும் காட்மியமும் புகையோடு காற்றில் கலக்கும். மூட்டை கட்டி, ஆபத்தான கழிவுகளை வாங்கும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். அந்த மண்ணில் விளைந்த எதையும் சாப்பிடாதீர்கள், கீரை கண்டிப்பாகக் கூடாது.

வருடத்துக்கு ஒருமுறை அதே இடங்களில், அதே ஆழத்தில் மண்ணெடுத்து முதல் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். உறிஞ்சும் செடி போட்டிருந்தால் அளவு வருடக்கணக்கில் மெல்லத்தான் இறங்கும். வெட்டிவேர் போட்டிருந்தால் மொத்த அளவு குறையாது, நீரில் கரையும் பங்கு குறைகிறதா என்று பாருங்கள்.