முளைகட்டின கொள்ளை வைத்துச் செல் சுவாசம் படிப்பது எப்படி?

காற்றுச் சுவாசத்தை, அதாவது செல் ஆக்சிஜனை வைத்து உணவிலிருந்து ஆற்றல் எடுப்பதை, படத்தைப் பார்த்து மனப்பாடம் பண்ணினால் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். நம்ம கொங்கு வீடுகளில் கொள்ளுக்குப் பஞ்சமில்லை. அதை வைத்தே செய்து பார்த்துவிடலாமுங்க.

படி 1: ரெண்டு கைப்பிடி கொள்ளை ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டி வையுங்க. வெள்ளையாக முளை விட்டதும் பாதியை ஒரு போசியில் போட்டு வேகவைத்து ஆறவிடுங்க.

படி 2: வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்க. கண்ணில் பட்டால் ஆபத்து. பெரியவர்கள் கூட இருக்கணும்.

படி 3: ஒரு பாட்டிலில் முளைவிட்டது, இன்னொன்றில் வெந்தது. ரெண்டுக்குள்ளும் சின்னக் கிண்ணத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் வைத்து இறுக்கி மூடுங்க. காலையில் முளைக்கொள்ளு பக்கத்துத் தண்ணீர் பாலாகியிருக்கும். அது கார்பன் டை ஆக்சைடின் வேலை. வெந்ததற்கு உயிர் போய்விட்டதால் அதில் பெரிய மாற்றம் இருக்காது. அதை ரெண்டு நாள் விட்டுவைக்காதீங்க. ஊசிப்போனால் பாக்டீரியாவும் சுவாசித்து அந்தத் தண்ணீரையும் பாலாக்கிவிடும்.

இனி செல்லுக்குள் போகலாம்.

படி 4: விதையின் மாவுச்சத்து குளுக்கோஸாகிறது. செல்லுக்குள் இருக்கிற கூழான சைட்டோபிளாசத்தில் அந்தக் குளுக்கோஸ் ரெண்டு பைருவிக் அமிலமாக உடைகிறது. நிகர லாபம் 2 ஏடிபி (செல் தன் வேலைக்குச் செலவழிக்கிற ஆற்றல் மூலக்கூறு). இதற்கு ஆக்சிஜன் தேவையே இல்லை.

படி 5: பைருவிக் அமிலம் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய், கிரப்ஸ் சுழற்சி என்ற வினைத்தொடர் முடிவதற்குள் அதன் கார்பன் முழுக்கக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. 1937இல் இந்தச் சுழற்சியை விளக்கிய ஹான்ஸ் கிரப்ஸுக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கேயும் நேரடியாகக் கிடைப்பது 2 ஏடிபிதான். மீதி ஆற்றல் எலக்ட்ரான்களோடு போகிறது.

படி 6: பெரிய வரவு இங்கேதான். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் எலக்ட்ரான்கள் கைமாறிக்கொண்டே போக, அந்த ஆற்றலில் ஹைட்ரஜன் அயனிகள் சவ்வுக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டுத் தேங்குகின்றன. பவானிசாகரில் தேக்கின தண்ணீர் டர்பைனைச் சுற்றுகிற மாதிரி, அவை திரும்பப் பாயும்போது ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி நிஜமாகவே சுழன்று ஏடிபி செய்கிறது. ஆக்சிஜனுக்கு வேலை கடைசியில்தான்: களைத்துவந்த எலக்ட்ரான்களை வாங்கி, ஹைட்ரஜன் அயனிகளோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஆக, நாம் இழுக்கிற ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடாக மாறுவதில்லை. பலரும் தடுமாறுகிற இடம் இதுதான்.

மொத்த ஏடிபி பழைய கணக்கில் 36 அல்லது 38. இப்போதைய கணக்கில் ஏறக்குறைய 30 முதல் 32. பரீட்சையில் உங்க புத்தகத்தில் இருப்பதையே எழுதுங்க.

படி 7: குளுக்கோஸின் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகப் போய்விடுகிறது. அதையும் பார்க்க, முளைக்கொள்ளை ஃபிளாஸ்க்கில் நிரப்பி, தெர்மாமீட்டரைச் செருகி, வாயைப் பஞ்சால் அடையுங்க. இறுக்கமான மூடி போட்டால் காற்று போகாது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் பெரும்பாலும் 35 டிகிரிக்குக் கீழே காட்டாது; லேப் தெர்மாமீட்டராக வாங்கிக்கோங்க.