ஐபி முகவரி கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே அறையில் இரண்டு லேப்டாப், ஒரே வைஃபை. ஒன்றிலிருந்து பிரிண்ட் வருகிறது, மற்றதிலிருந்து வரவில்லை. இந்தச் சிக்கலில் ஒருமுறை எனக்கு அரை நாள் போனது. டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன், கேபிளை மாற்றினேன், பிரிண்டரை மூன்று முறை அணைத்து ஆன் செய்தேன். கடைசியில் பார்த்தால், பிரிண்டரின் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று இருக்க வேண்டிய இடத்தில் 255.255.255.128 என்று இருந்தது. யாரோ கைதவறிப் போட்டிருக்கிறார்கள் என்று திட்டிக்கொண்டேன். அந்த யாரோ நான்தான் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மாஸ்க்கில் ஒரு எண் மாறியதால் பாதிப் பேருக்கு மட்டும் ஏன் பிரிண்ட் நின்றது? இது புரிந்துவிட்டால் ஐபி முகவரியில் நடக்கும் குளறுபடிகளில் பெரும்பாலானவை தானாகப் பிடிபடும்.

ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் காட்டும் எண். அதில் ஐபிவி4 முகவரி என்பது 32 பிட். எட்டெட்டு பிட்டாக நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரையிலான எண்ணாக எழுதுகிறோம். அதில் இடப்பக்கமிருந்து எத்தனை பிட் நெட்வொர்க்கைக் குறிக்கிறது, மீதி எத்தனை பிட் தனிக் கருவியைக் குறிக்கிறது என்பதைச் சொல்வதுதான் மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் 24 பிட் நெட்வொர்க், சுருக்கமாக /24. ஒரு கருவி எந்தப் பாக்கெட்டை (தகவல் துண்டை) அனுப்பும் முன்பும் தனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: போக வேண்டிய முகவரி என் நெட்வொர்க்குக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால், ஆர்ப் என்ற விசாரிக்கும் முறை மூலம் அந்தக் கருவியின் மேக் முகவரியை (அதன் நெட்வொர்க் வன்பொருளின் அடையாள எண்ணை) கேட்டு வாங்கி நேரடியாக அனுப்பும். வெளியே என்றால் கேட்வேயிடம், அதாவது வெளியே போக வழிவிடும் ரௌட்டரிடம், கொடுத்துவிடும். அவ்வளவுதான்.

இப்போது பிரிண்டருக்கு வருவோம். அதன் முகவரி 192.168.1.200. லேப்டாப்கள் 192.168.1.10, 192.168.1.150. ரௌட்டர் 192.168.1.1. லேப்டாப்களில் மாஸ்க் /24 என்பதால் இரண்டுக்குமே பிரிண்டர் 'உள்ளே'தான். இரண்டும் நேரடியாகவே அனுப்புகின்றன. ஆனால் பிரிண்டரில் இருப்பது 255.255.255.128, அதாவது /25. அதன் கணக்கில் நெட்வொர்க் என்பது 128 முதல் 255 வரை மட்டுமே. 150க்குப் பதில் சொல்லிவிடும். 10 அதற்கு 'வெளியே', எனவே கேட்வேயைத் தேடும். கேட்வேயோ 1, அதுவும் வெளியே! பாக்கெட் வந்து சேர்ந்தும் பதில் திரும்பிப் போக வழியில்லை.

ஆகவே முதல் தவறு, மாஸ்க்கை ஏதோ படிவத்தில் நிரப்ப வேண்டிய சடங்காக நினைப்பது. கேட்வே எப்போதும் கருவியின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதன் உடன்பிறப்பு இன்னொன்று: முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால் ஒரே நெட்வொர்க் என்று கண்ணால் முடிவு செய்வது. /26 போட்டிருந்தால் 192.168.1.60, 192.168.1.70 இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். 63ஓடு முதல் துண்டு முடிந்துவிடுகிறது. மறுபக்கம், /22 என்றால் 10.0.4.20, 10.0.7.9 இரண்டும் ஒரே நெட்வொர்க். அந்த /22 நெட்வொர்க்கில் 10.0.5.0 என்பதும் 10.0.4.255 என்பதும் கருவிக்குக் கொடுக்கக்கூடிய முகவரிகளே. '0, 255 கூடாது' என்று மனப்பாடம் செய்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். உண்மையில் ஒதுக்கப்படுபவை அந்த நெட்வொர்க்கின் முதல் முகவரியும் கடைசி முகவரியும்தான்: இங்கே 10.0.4.0, 10.0.7.255. அதனால்தான் /26இல் 64 முகவரிகள் இருந்தாலும் கருவிகளுக்குக் கிடைப்பது 62.

முகவரியின் முதல் எண்ணைப் பார்த்தே மாஸ்க்கை முடிவு செய்யும் ஏ, பி, சி வகுப்புகளை வைத்துக் கணக்குப் போடும் பழக்கமும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். அந்த முறையை 1993இல் வந்த சிடர் (/24, /26 என்று எத்தனை பிட் வேண்டுமோ அத்தனை பிட்டில் நெட்வொர்க்கைப் பிரிக்கும் முறை) ஓரங்கட்டிவிட்டது. இன்னும் அதிலிருந்தே பாடத்தைத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வரலாறாகச் சொன்னால் சரி, விதியாகச் சொன்னால் தவறு.

அடுத்து, கையால் கொடுக்கும் நிலையான முகவரி. ரௌட்டரின் டிஎச்சிபி, அதாவது கருவிகளுக்கு முகவரி வழங்கும் சேவை, 100 முதல் 199 வரை தானாகப் பங்கிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கேமராவுக்கு 120 என்று கையால் கொடுக்கிறீர்கள். கேமரா அணைந்திருக்கும் நேரத்தில் அதே 120 ஒரு போனுக்குப் போய்விடும். பிறகு கேமராவை ஆன் செய்ததும் இரண்டும் மோதும். ஒரு நிமிடம் வேலை செய்யும், அடுத்த நிமிடம் செய்யாது. ஒன்று, பங்கீட்டு எல்லைக்கு வெளியே முகவரி கொடுங்கள். அல்லது, ரௌட்டரிலேயே மேக் முகவரியைக் காட்டி ஒதுக்கி வையுங்கள். என் வாக்கு இரண்டாவதற்குத்தான், எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகி இருக்கும். போன்களில் மட்டும் ஒரு சிக்கல்: இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன. அது மாறிவிட்டால் ஒதுக்கீடு பலிக்காது.

பழைய ரௌட்டரை வைஃபை நீட்டிக்கப் பயன்படுத்துவோர் செய்வது வேறொரு தவறு. அதன் டிஎச்சிபியை அணைக்க மறந்துவிடுவார்கள். வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்கத் தொடங்குவார்கள். முதலில் பதில் சொன்னவர் சொன்னதே சட்டம். தவறான கேட்வேயோடு சில கருவிகள் நடுத்தெருவில் நிற்கும். பழைய ரௌட்டருக்கு 192.168.1.2 போல மோதாத ஒரு முகவரி கொடுத்து, டிஎச்சிபியை அணைத்து, கேபிளை அதன் லேன் துளையில் செருகினால் போதும்.

169.254 என்று தொடங்கும் முகவரியைப் பார்த்தால் அதைக் கையால் திருத்த முனையாதீர்கள். டிஎச்சிபியிடமிருந்து பதிலே வராதபோது கருவி தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் பெயர் அது. பழுது கேபிளிலோ, வைஃபையிலோ, டிஎச்சிபியிலோ இருக்கிறது.

'நெட் வரவில்லை' என்றதும் ரௌட்டரை ரீசெட் செய்யப் பாய்வதும் அப்படியே. முதலில் கேட்வேக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள், அடுத்து கூகுளின் 8.8.8.8க்கு, அப்புறம் ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. முதல் இரண்டும் போய் மூன்றாவது மட்டும் நின்றால் பழுது, தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். அதேசமயம், பிங்குக்குப் பதில் இல்லை என்பதால் எதிரில் உள்ள கருவி செத்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம். விண்டோஸ் கணினிகளில் இது சகஜம்.

உள் நெட்வொர்க்குக்கு எண் தேர்ந்தெடுப்பதில் இஷ்டத்துக்கு விளையாடக் கூடாது. தனிப்பயன்பாட்டுக்கு 1996இல் வரையறுத்தவை மூன்று: 10 என்று தொடங்குபவை எல்லாம், 172.16 முதல் 172.31 வரை, 192.168. இதில் நடுவில் உள்ளதுதான் ஆட்களை ஏமாற்றும், 172.32 வேறு யாருடையதோ பொது முகவரி. 'யாரும் பயன்படுத்துவதில்லை' என்று 1.1.1.1ஐ உள்ளுக்குள் போட்டுவைத்தவர்கள் பலர். 2018 ஏப்ரலில் கிளவுட்ஃப்ளேர் அதே முகவரியில் டிஎன்எஸ் சேவை தொடங்கியபோது, அவர்களால் மட்டும் அதை எட்ட முடியவில்லை. எட்ட முயன்றால் சொந்தக் கருவியிடமே போய் நின்றது.

சரி, 192.168.1 என்று பாதுகாப்பாகவே தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். உங்கள் அலுவலகமும் அதையே தேர்ந்தெடுத்திருந்தால்? வீட்டிலிருந்து விபிஎன் (இணையம் வழியாக அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் வழி) போட்டு அலுவலகத்தின் 192.168.1.20 சர்வரைத் தேடுகிறீர்கள். லேப்டாப் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கிறது: உள்ளேயா, வெளியேயா? 'உள்ளேதான்' என்று முடிவு செய்து, வீட்டுக்குள்ளேயே சர்வரைத் தேடிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஒட்டுவேலைகள் உண்டு, எதுவும் அழகாக இருக்காது. அலுவலக நெட்வொர்க்கை முதன்முதலில் அமைக்கும்போதே 10.73.18.0/24 போல வீடுகளில் யாரும் வைக்காத ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது.

வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை ரௌட்டர் உள்ளே இருக்கும் கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்துவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொள்வோர், ரௌட்டரின் வேன் முகவரியை, அதாவது இணையப் பக்கத்தில் அதற்குக் கிடைத்த முகவரியை, ஒருமுறை பார்க்கட்டும். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் இணைய நிறுவனமே உங்களைப் பல பேரோடு சேர்த்து ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. உங்கள் ரௌட்டரில் என்ன திறந்தாலும் பயனில்லை. நிறுவனத்திடம் பொது முகவரி கேட்க வேண்டும், அல்லது ஐபிவி4க்கு அடுத்த தலைமுறையான ஐபிவி6 வழியாகப் போக வேண்டும்.

எண்ணை அழகாக்க முன்னால் சுழியம் சேர்ப்பதும் வேண்டாம். 192.168.010.1 என்று எழுதினால் சில மென்பொருள்கள் 010ஐ எட்டின் அடிமான எண்ணாகப் படித்து 192.168.8.1க்குப் போய்விடும்.

ஐபிவி6ஐ ஏதாவது பழுது என்றதும் முதலில் அணைக்கிற வழக்கத்தையும் விட்டுவிடலாம். ஐபிவி4இன் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்றே பங்கிட்டு முடிந்துவிட்டது. பதிலுக்கு வந்திருப்பது 128 பிட் முகவரி. ஆனால் அதை ஆன் செய்யும்போது ஃபயர்வாலையும் பாருங்கள். ஐபிவி4இல் ரௌட்டர் செய்யும் முகவரி மாற்றத்துக்கு (பல கருவிகள் ஒரே பொது முகவரியில் வெளியே போகும் ஏற்பாட்டுக்கு) பின்னால் தற்செயலாக ஒளிந்திருந்த கருவிக்கு இங்கே பொது முகவரியே கிடைத்துவிடும். ஐபிவி4க்கு எழுதிய விதிகள் இதைக் காக்காது. இன்னொன்று, எஃப்இ80 என்று தொடங்கும் முகவரியைக் கண்டு 169.254 போலப் பழுது என்று நினைக்க வேண்டாம். ஐபிவி6 ஓடும் ஒவ்வொரு கருவியிலும் அது எப்போதும் இருக்கும். அதோடு 2 அல்லது 3 என்று தொடங்கும் முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள்; வெளியுலகத்துக்குப் போக உதவுவது அதுதான்.