முன்பூக்கும் பட்டாணியும் சிவப்பு நூல் கட்டிய செடியும்

சென்ற பருவத்தில் நீலகிரியில் உள்ள எங்கள் பாத்திகளுக்கு வந்த மாணவர் ஒருவர், ஒரு பட்டாணிச் செடியில் சிவப்பு நூல் கட்டிவிட்டு, "சார், நாம் தேடியது இதுதான்" என்றார். நாம் தேடியது, சீக்கிரம் பூத்து நிறைய விதையும் தரும் பட்டாணி. நானும் ஒரு காலத்தில் அப்படி நூல் கட்டியவன். அதற்காகச் செடிகளைக் கலந்து தேர்ந்தெடுக்கும்போது நேரும் தவறுகளையே கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மொட்டிலேயே மகரந்தத் தாள்களை நீக்குவது, பெயர்ச்சீட்டு கட்டுவது போன்றவற்றைப் பாடநூல்களே சொல்லிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முன்பூத்தலுக்கு விலையில்லை என்று எண்ணுவது

சீக்கிரம் பூக்கும் செடி கீழ்க்கணுக்களிலேயே பூத்துவிடுவதால், விதையை நிரப்பப் போதிய இலை அதற்கு இருப்பதில்லை. அதனால்தான் அதனை, தண்டு பட்டையாக அகன்று நுனியில் பூக்கள் குவியும் பட்டைத்தண்டுச் சடுதி மாற்றச் செடியுடன் (மரபணு திடீரென மாறியதால் உண்டான செடியுடன்) கலக்கிறோம். மெண்டல் 1866-இல் வெளியிட்ட ஏழு பண்புகளுள் ஒன்றான நுனிப்பூவும் இந்தப் பட்டைத்தண்டுதான். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் வெர்னர் கோட்சால்க் கதிர்வீச்சால் கிடைத்த பட்டாணிச் சடுதி மாற்றங்களை ஒன்றோடொன்று கலந்து, ஒரே மரபணு வெவ்வேறு சேர்க்கைகளில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதைக் காட்டினார்.

முதல் தலைமுறையைப் பிடுங்கி எறிவது

பட்டைத்தண்டு ஒடுங்கு பண்பு; இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். முதல் தலைமுறையில் தெரியாது; அதன் விதையிலிருந்து வரும் இரண்டாம் தலைமுறையில்தான் தெரியும்.

இரண்டாம் தலைமுறையில் ஒற்றைச் செடியை நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. முன்பூத்தல், பட்டைத்தண்டு இரண்டும் ஒடுங்கு பண்புகளாக, பிணைப்பின்றி (ஒன்றையொன்று சாராமல் சந்ததிக்குச் செல்வதாக) இருந்தால், இரண்டும் சேர்ந்த செடி 16-க்கு ஒன்றே வரும். ஒன்றாவது கிடைக்க 95 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றாலே 47 செடிகள் வேண்டும். நான் 60 செடிகள் வளர்த்தேன். இரு பண்பும் சேர்ந்தவையாக நான்கு தேறின. அவற்றுள் ஒன்று மற்ற மூன்றையும்விட ஏறத்தாழ இரு மடங்கு காய்த்திருந்ததால், மூன்றையும் கழித்துவிட்டு அதன் விதையை மட்டும் உறையிலிட்டேன். அடுத்த பருவத்தில் அதன் சந்ததி வரிசை முழுவதும் முன்பூக்கும் பெற்றோரைவிட ஒரு பிடி விதைகூட அதிகம் தரவில்லை. பழைய பாத்தி வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: அந்தச் செடி வரிசையின் கடைசியில், வாய்க்காலை ஒட்டி நின்றிருந்தது. விளைச்சல் என்பது பல மரபணுக்களும் வெளிச்சமும் நீரும் இடைவெளியும் சேர்ந்து தீர்மானிக்கும் பண்பு என்பதால், ஒற்றைச் செடியின் எடை அதன் மரபைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். இரண்டாம் தலைமுறையில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் இரு பண்புகளை மட்டும் பார்த்துத் தேறியவற்றையெல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும். எடையைப் பிற்பட்ட தலைமுறைகளில், விவசாயி விதைக்கும் நெருக்கத்திலேயே, இரு பெற்றோரையும், சடுதி மாற்றம் நிகழுமுன் இருந்த மூல ரகத்தையும் அருகில் விதைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட பாத்திகளில் ஒப்பிட வேண்டும். இரண்டு பருவங்களை இழந்துதான் இதைக் கற்றேன்.

காய்களை மட்டும் எண்ணுவது

காய் கூடும்போது காய்க்குள் விதை குறையலாம். உரித்து எடை போடுங்கள்.

வேறு ஊரின் பூக்கும் நாளை நம்புவது

பட்டாணி, நீண்ட பகலில் விரைந்து பூக்கும் செடி. பான் நகரில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல் நீள்கிறது. ஊட்டியில் எந்த மாதத்திலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. அங்கே முன்பூத்த செடி இங்கே தாமதித்தால் விதை கலந்துவிட்டதோ என்று யாரையும் சந்தேகிக்க வேண்டாம்.

மாணவர் நூல் கட்டிய செடியை மறுநாள் குனிந்து பார்த்தேன். அதன் வலப்பக்கத்தில் இரண்டு குழிகள் முளைக்காமல் கிடந்தன.