கொசிட்சிலேயைப் பறையோடு வாசிப்பது எப்படி

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் தையல் கடையைச் சாத்திய பிறகு, மாடியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கவிதை வாசிக்கிறோம். தென்னாப்பிரிக்கக் கவிஞர் கியோரபெட்ஸே கொசிட்சிலேயைப் பறையோடு எப்படி வாசிக்கிறீர்கள் என்று வடகரப்பதியிலிருந்து ஒரு தம்பி கேட்டான். அவனுக்குச் சொன்னதுதான் இது.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லுங்கள். 1938இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். 1961இல், வெள்ளையரின் நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் சொல்லி நாட்டை விட்டுக் கிளம்பினார். தான்சானியா, அப்புறம் அமெரிக்கா. ஊர் திரும்ப 1990 ஆகிவிட்டது. நாம் வேலந்தாவளம் எல்லையைத் தாண்டிக் கோயம்புத்தூர் போய் ராத்திரி வீட்டுக்கு வந்து சோறு தின்கிறவர்கள். அவர் பட்டதை நம் எல்லையோடு ஒப்பிடவே கூடாது.

காலம் கனியும்போது கலைப் பேச்சு ஓய்ந்துவிடும், பகைவனின் எலும்புக்குள் இறங்கும் ஈட்டிமுனை மட்டுமே கவிதை என்று அவருடைய கவிதை ஒன்றில் வரும். அப்படியானால் அதற்கு முன்னால் பாடுகிற நாம்தானே கடைசிக் கவிஞர்கள் என்று நியூயார்க்கின் ஹார்லெமில் சில கறுப்பின இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். ‘லாஸ்ட் போயட்ஸ்’ என்ற பெயர் அப்படி வந்தது. 1968 மே 19, கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் பிறந்த நாளில் முதல்முறை மேடையேறினார்கள். கொங்கா மேளமும் குரலுமாக அவர்கள் செய்தது பின்னால் ராப்புக்கு வழி திறந்தது.

இனி தமிழாக்கம். இதில் அவசரம் வேண்டாம். அந்த ஈட்டிக்கு நாங்கள் முதலில் ‘வேல்’ என்று போட்டோம். கேட்ட பெரியவர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்; பழனி பக்கத்தில் இருக்கிறதே! ‘ஈட்டி’ என்று மாற்றினோம். அதே கவிதைக்கு நாங்கள் போட்ட ‘காலத்தின் கருவறை’யும் அப்படித்தான், சூடம் மணக்கும். ‘காலத்தின் வயிறு’ போதும். அந்த வயிற்றில் கணம் ‘பொரிகிறது’ என்கிறார். வயிற்றில் குஞ்சு பொரிக்குமா என்று திருத்தப் போகாதீர்கள். அவர் இங்கிலீஷில் எழுதினாலும் உள்ளே ஓடுவது பாட்டியிடம் கேட்டு வளர்ந்த செட்ஸ்வானா மொழி. மலையாளத்துக்கு நடுவில் தமிழ் பேசி வளர்ந்த நமக்கு அந்த ஓட்டம் காதில் படும். வழவழப்பாக்கினால் போய்விடும்.

தமிழை வாய்விட்டுப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பறை விழ வேண்டியது அந்தக் கோட்டில்தான். முதல் தடவை நாங்கள் தொடக்கம் முதல் முடிவு வரை அடித்தோம், ஒரு சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. இப்போது சொல் ஓடும்போது மெல்லிய சிம்புக்குச்சி மட்டும் லேசாக ஓடும். தடித்த அடிக்குச்சி கோட்டுக்குக் காத்திருக்கும். ஒருவர் வாசிக்க, இருவர் கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்லட்டும். ஈரக்காற்றில் தோல் தொய்யும், அதனால் தொடங்குவதற்குச் சற்று முன் பறையைத் தீயில் காய்ச்சிவிடுங்கள்.

கூட்டம் முடிகையில் கொசிட்சிலேயின் மகன், ராப் பாடகர் ஏர்ல் ஸ்வெட்ஷர்ட்டின் ‘பிளேயிங் பாஸம்’ பாட்டை ஓடவிடுங்கள். தாய் பேசும் குரலையும் தந்தை கவிதை வாசிக்கும் குரலையும் கோத்து வைத்திருக்கிறார். கொசிட்சிலே 2018 ஜனவரியில் இறந்தார், இது அதே வருஷக் கடைசியில் வந்தது. அது ஓடும்போது பறையைத் தரையில் வைத்துவிடுங்கள்.