எண்ணெயில் கரையும் பொருள்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் சக்கைக் காலம், அதாவது பலாப்பழக் காலம், வந்துவிட்டால், கையில் ஒட்டிய பாலைக் குழாயடியில் நின்று சோப்புப் போட்டுத் தேய்த்தே அலுத்துப்போகிறவர்களைப் பார்க்கலாம். அந்தப் பால் தண்ணீருக்கு அசையாது. வெட்டுக்கத்தியிலும் உள்ளங்கையிலும் முன்னதாகவே தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வதுதான் முறை. மறந்துவிட்டால், ஈரம் படாத கையில் எண்ணெய் விட்டுப் பிசைந்து, பழந்துணியால் துடைத்தெடுத்த பின்னரே சோப்புப் போட வேண்டும். காந்தாரி மிளகாய் நறுக்கிய விரலின் எரிச்சலுக்கும் இதே வரிசை பொருந்தும், ஏனெனில் காரத்தைத் தரும் காப்சைசின் எண்ணெயில் கரைவது. கண்ணில் பட்டால் மட்டும் எண்ணெய் கூடாது, தண்ணீர் விட்டுத்தான் கழுவ வேண்டும். வாய் எரிந்தால் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ மேல்.

தலைக்கு எண்ணெய் காய்ச்சுவதில்தான் தவறுகள் மிகுதி. வெம்பாளம்பட்டையைத் தேங்காயெண்ணெயில் இட்டால் சிறிது நேரத்தில் செக்கச்செவேலென நிறம் இறங்கும்; தண்ணீரில் இட்டால் அந்தச் சிவப்பு வராது. மார்த்தாண்டம் பக்கத்து உணவகங்களில் வெந்நீரை இளஞ்சிவப்பாக்கும் பதிமுகம் என்ற மரச்சீவலோ இதற்கு நேரெதிர், அதை எண்ணெயில் போடுவது வீண். செம்பருத்திப் பூவின் சிவப்பும் நீரில் கரைவதே. ஆகவே எண்ணெய் சிவக்கவில்லையே என்று பூவை மேலும் மேலும் கொட்ட வேண்டியதில்லை. கரிசலாங்கண்ணிச் சாற்றைச் சேர்ப்பவர்கள், சடசடப்பு முற்றிலும் அடங்குமுன் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அடியில் தங்கும் நீர் சில நாளில் எண்ணெயைக் கெடுத்துவிடும். தீயைக் கூட்டிக் கருகவிடுவதும் அதே அளவு தவறு.

முருங்கைக்கீரையை வெறும் தண்ணீரில் அவித்து உண்பது நலம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் அதன் கரோட்டின், கொழுப்பு உடன் இருந்தால்தான் குடலில் நன்கு சேரும். தேங்காய்த் துருவல் போட்ட துவரன் (பொரியல்) அந்த வேலையைத் தானாகவே செய்துவிடுகிறது. ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரையும் வைட்டமின்கள். இவற்றுள் ஏ, டி மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் அளவுக்கு மீறி விழுங்கினால் உடலில் தேங்கித் தீங்கு செய்யும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கற்பூரம். அது எளிதில் தீப்பற்றும் என்பதால், எண்ணெயைச் சூடாக்கி இறக்கிவைத்த பிறகே பொடித்துப் போட வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்த எண்ணெயை மார்பில்கூடத் தடவக் கூடாது. தோல் வழியாகவும் உட்புகுந்து வலிப்பு வரவழைக்கக் கூடியது. குழந்தை கற்பூரத்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.