மைக்கில் ஃபேன் சத்தம் விழாத கம்ப்யூட்டர்

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறீர்களா? தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 65 வாட் பிராசசர் தாராளம். அதோடு வரும் சின்னக் கூலரை ஓரம் வைத்துவிட்டு, 120 அல்லது 140 மி.மீ. ஃபேன் உள்ள, கோபுரம் போல உயரமான டவர் கூலர் போடுங்கள். கேபினட்டுக்குள் அதன் உயரம் அடங்குமா என்று முதலிலேயே பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். சுழன்று சத்தம் போடும் ஹார்டு டிஸ்க் கூடாது, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி மட்டும்.

பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) ஃபேன் வேகத்தை, பிராசசர் சூடு 60 டிகிரி வரும் வரை ஒரே அளவில், நிமிடத்துக்கு 600–700 சுற்றில் நிறுத்துங்கள். பிளக்இன் (பதிவு மென்பொருளுக்குள் எஃபெக்ட், இசைக்கருவி ஒலி சேர்க்கும் துணை மென்பொருள்) திறக்கும்போதெல்லாம் பிராசசர் சூடு சட்டென்று எகிறும். ஃபேனும் கூடவே ஏறி இறங்கினால் அந்த ‘உய்ங்’ பதிவில் அப்பட்டமாகக் கேட்கும். சீரான இரைச்சல் அவ்வளவு உறுத்தாது. முன்னால் வரும் சத்தத்தை நன்றாகவும் பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் வாங்கும் கார்டியாய்டு மைக் என்றால் அதன் முதுகு கேபினட்டைப் பார்க்கட்டும்.