பலத்த காற்றில் ஐஸ் மீன்பிடிக் கூடாரம்: கட்டும் முறையும் பிரிக்கும் முறையும்

டொராண்டோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் சிம்கோ ஏரி. பரப்பு 722 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் அது உறைந்ததும் ஐஸில் துளை போட்டு, கூடாரத்துக்குள் உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். உறைந்த பிறகு அதன் மேல் காற்றைத் தடுக்க ஒரு புதர்கூடக் கிடையாது. மேற்கிலோ வடமேற்கிலோ கிளம்பும் காற்று கிலோமீட்டர் கணக்கில் வழுக்கிக்கொண்டு வந்து முதலில் மோதுவது உங்கள் கூடாரத்தில்தான். பெர்ச், ஒயிட்ஃபிஷ் மீன்களைத் தேடி வாடகைக் குடிலை விட்டுவிட்டுச் சொந்தமாக டென்ட் வாங்கிப் போகிறவர்கள், தூண்டிலைப் பற்றிப் படிப்பதில் கால்வாசி நேரத்தையாவது கயிற்றுக்கும் ஆங்கருக்கும் (டென்டை ஐஸில் பிடித்து வைக்கும் முளை) ஒதுக்க வேண்டும்.

முதலில் கணக்கு. மூன்று நான்கு பேர் உட்காரும் ஹப் டென்டின் (சுவர் நடுவில் கம்பிகள் சேரும் ஹப்பை வெளியே இழுத்தால் விறைத்து நிற்கும் வகை) எடை 12 முதல் 18 கிலோ. அதன் ஒரு சுவர் சுமார் 2 மீட்டருக்கு 2 மீட்டர். மணிக்கு 40 கி.மீ. காற்று அந்தச் சுவரை ஏறக்குறைய 30 கிலோ விசையோடு தள்ளும். காற்று 60 கி.மீ. ஆனால் தள்ளுவது 45 கிலோ அல்ல, 70 கிலோ. 80 ஆனால் 120 கிலோவைத் தாண்டிவிடும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதுதான் காரணம். அதனால் வானிலை அறிக்கையில் சராசரி வேகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். திடீரென்று எழுந்து அடங்கும் வீச்சுக் காற்றின் வேகம் தனியாகப் போட்டிருக்கும், அந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. வீச்சு 30-ஐத் தாண்டினால் எல்லா ஆங்கரும் போட வேண்டும். 50-ஐத் தாண்டினால் இரண்டு பேர் இல்லாமல் விரிக்கக் கூடாது. 60-க்கு மேல் என்றால் வீட்டில் இருப்பதே நல்லது.

டென்ட் பெரும்பாலும் ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போது பறப்பதில்லை. விரிக்கும் முதல் சில நிமிடங்களிலும் மடக்கும் கடைசிச் சில நிமிடங்களிலும்தான் பறக்கிறது. பாதி விரிந்த துணி பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும், உள்ளே பாரமும் இருக்காது. ஆகவே மற்றது மறந்தாலும் இதை மறக்கக் கூடாது: காற்று வரும் பக்கத்து ஆங்கர் முதலில் இறங்க வேண்டும், கடைசியில்தான் கழல வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

ஹப் டென்டுக்கு நான்கு மூலை, நான்கு சுவர் நடு, ஆக எட்டு இடத்தில் பிடிப்பு வேண்டும். டென்டோடு வரும் ஆங்கர்கள் பல நேரம் இதற்குப் போதாது. பத்தாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று வளையும், ஒன்று பனிக்குள் தொலையும். மண்ணில் அடிக்கும் சாதாரண டென்ட் முளை ஐஸில் பயன்படாது. அடிக்க அடிக்க ஐஸ் சில்லாகப் பெயரும், ஆணி ஆடிக்கொண்டே இருக்கும். திருகு மரை உள்ள ஐஸ் ஆங்கர்தான் வேண்டும்.

கையால் திருகலாம்தான், ஆனால் கடுங்குளிரில் ஐஸ் கல்லாக இறுகியிருக்கும்போது மூன்றாவது ஆங்கரிலேயே மணிக்கட்டு நோகும். பேட்டரி டிரில்லில் மாட்டும் ஆங்கர் அடாப்டர் சிறிய செலவு, வாங்கிவிடுங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் ஒரு பேட்டரியைக் கோட்டின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

கயிறு 4 முதல் 6 மி.மீ. தடிமனில், ஆரஞ்சு போல எடுப்பான நிறத்தில், ஒவ்வொன்றும் 3 மீட்டர் நீளத்தில். பாலியஸ்டர் கயிறு நல்லது. நைலான் நனைந்தால் நீளும், காலையில் விறைப்பாகக் கட்டியது மதியம் தொய்ந்து கிடக்கும். கயிற்றின் ஒரு நுனியில் கண்ணியும் மறு நுனியில் நகர்த்தி இறுக்கும் முடிச்சும் வீட்டிலேயே போட்டு முடித்துவிடுங்கள். மைனஸ் 15 டிகிரியில் 40 கி.மீ. காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 27 போல இருக்கும். அங்கே கையுறையைக் கழற்றி முடிச்சுப் போட நினைக்காதீர்கள். கையுறையோடு செய்ய முடியாத முடிச்சு ஏரியில் உதவாது.

இவற்றோடு ஒரு மண்வெட்டி, துளையிடும் ஆகர், ஆகர் துளைக்குள் போகிற மரக்கட்டை இரண்டு. கட்டை எதற்கு என்று பிறகு வரும்.

இடமும் திசையும்

காற்று தள்ளுவது டென்டை மட்டுமல்ல, ஐஸையும்தான். கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் காற்று விரிசலை அகலமாக்கி, ஐஸ் பாளத்தையே கரையிலிருந்து பிரித்துக் கொண்டுபோய்விடும். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஈரி ஏரியின் ஒஹாயோ கரையருகே இப்படிப் பிரிந்த பாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மீன்பிடிப்பவர்கள் சிக்கினார்கள், ஒருவர் இறந்தார். எந்த ஆங்கரும் இதற்கு உதவாது. நடந்து போகத் தெளிந்த நீலநிற ஐஸ் குறைந்தது 10 செ.மீ. இருக்க வேண்டும். வெண்ணிற ஐஸ் என்றால் இரட்டிப்பு. போகும் வழியெல்லாம் துளைபோட்டு அளந்துகொண்டே போங்கள். கரைக்கு இணையாக ஓடும் விரிசலைத் தாண்டி, கரையிலிருந்து உள்நோக்கிக் காற்று வீசும் நாளில் கூடாரம் போடாதீர்கள்.

இடம் பிடித்ததும் ஒரு பிடி பனித்தூளை மேலே தூவிக் காற்றின் திசையைப் பாருங்கள். டென்டின் சுவர் காற்றுக்கு நேராக இருக்கக் கூடாது, மூலைதான் காற்றைப் பார்க்க வேண்டும். படகின் முனை போல மூலை காற்றைப் பிளந்து இரு பக்கமும் வழிய விடும். சுவரைக் காட்டினால் முழு விசையும் அதன் நடுவில் இறங்கும். கதவு காற்றுக்கு மறுபக்கம் அமையும்படி திருப்பிக்கொள்ளுங்கள். காற்று வரும் பக்கத்தில் கதவு இருந்தால், ஒருவர் வெளியே போக ஜிப்பைத் திறந்த நொடியில் டென்ட் பலூன் போல உள்ளிருந்து உப்பி மேலே எழும்பும்.

விரிக்கும் வரிசை

பையை அவிழ்ப்பதற்கு முன், டென்ட் இருக்கப்போகும் இடத்தில் பனியை வழித்து ஐஸ் தெரியச் செய்யுங்கள். டென்டின் மேல் வளையத்தில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, மறு நுனியைச் சாமான் இழுத்துவரும் ஸ்லெட்டிலோ (சறுக்கு வண்டி) ஸ்னோமொபைலிலோ (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) மாட்டுங்கள். கை நழுவினாலும் டென்ட் போய்விடாது. தனியாகப் போகிறவர்களுக்கு இது கட்டாயம்.

டென்டை மடிந்த நிலையிலேயே தரையில் கிடத்தி, காற்றை நோக்கிய மூலையின் வளையத்தில் ஆங்கரை இறக்குங்கள். அடுத்து அதன் இரு பக்கத்து மூலைகள். இந்த மூன்றும் பிடித்த பிறகுதான் சுவரை இழுக்க வேண்டும். முதலில் காற்று வரும் பக்கத்துச் சுவர் ஒன்றின் நடுவில் இருக்கும் ஹப் வாரைப் பிடித்து வெளியே இழுங்கள். டப்பென்று விறைத்து நிற்கும். உடனே அந்த ஹப்பில் இழுகயிற்றை மாட்டி ஆங்கரில் இறுக்குங்கள். பிறகு காற்றுப் பக்கத்து இரண்டாவது சுவர், அதற்கும் உடனே கயிறு. அதன் பின் மறுபக்கச் சுவர்கள், கடைசியில் கூரையை உள்ளிருந்து மேலே தள்ளுவது. மீதி மூலையையும் மீதிக் கயிறுகளையும் முடித்த பிறகு மீனுக்குத் துளை போடலாம்.

இழுகயிற்றை ஏன் ஹப்பில் கட்டச் சொல்கிறோம்? ஃபைபர் கம்பிகள் நான்கும் அங்கேதான் சேர்கின்றன. வெளியே வளைந்து நிற்கும் அந்தச் சுவரைப் பலத்த வீச்சு உள்பக்கம் தள்ளினால், மழைக்காற்றில் குடை மடங்குவது போலச் சுவர் உள்வாங்கும். அப்போது கம்பி முறியும், முறிந்த கம்பி துணியைக் கிழிக்கும், கிழிசலில் காற்று நுழையும். மூலையில் எத்தனை ஆங்கர் போட்டிருந்தாலும் இதைத் தடுக்காது. ஹப்பிலிருந்து வெளியே இழுத்துப் பிடிக்கும் கயிறு ஒன்றுதான் தடுக்கும். ஹப் தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஆங்கர் சுவரிலிருந்து 1 முதல் 1.5 மீட்டர் தள்ளி இருந்தால் கயிறு 45 டிகிரியோ அதற்கும் தாழ்வாகவோ அமையும். நெருக்கமாகப் போட்டால் கயிறு செங்குத்தாகி, சுவரை வெளியே இழுப்பதற்குப் பதில் கீழேதான் இழுக்கும்.

ஆங்கர் ஏன் பிடுங்கிக்கொள்கிறது

பெரும்பாலும் ஆங்கர் பனியில் நிற்பதால்தான். மேலே 10 செ.மீ. பனி, அதன் கீழ் நுரைத்த வெள்ளை ஐஸ், அதற்கும் கீழேதான் கெட்டியான ஐஸ். மேல் இரண்டும் பிடி தராது, வழித்துத் தள்ளிவிட்டு இறக்குங்கள். திருகும்போது மேற்பரப்பு தட்டுத்தட்டாகப் பெயர்ந்தால் அந்த இடத்தை விட்டு ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். ஐஸ் மிக இறுகியிருந்தால் ஆங்கர் தண்டைவிடச் சற்று மெல்லிய பிட்டால் முதலில் துளை போட்டுக்கொண்டால் பெயராது. டிரில் மெதுவாகச் சுழல வேண்டும். வேகமாகச் சுழற்றினால் மரை ஐஸை அரைத்துத் துளையைத் தொளதொளவென்று ஆக்கிவிடும்.

ஆங்கரின் வளையம் ஐஸைத் தொடும்வரை இறக்குங்கள். ஐந்து செ.மீ. வெளியே நின்றாலும் கயிறு அதை நெம்புகோலாக வளைக்கும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. வெயில். காற்று மைனஸ் பத்தில் இருந்தாலும் பிப்ரவரி, மார்ச் வெயிலில் கறுத்த இரும்பு சூடேறும். சுற்றிலும் ஐஸ் மெல்லக் கசிந்து, மதியத்துக்குள் விரலால் சுழற்றும் அளவுக்கு ஆங்கர் தளர்ந்துவிடும். இறக்கியதும் ஒவ்வொன்றின் மேலும் ஒரு மண்வெட்டிப் பனியைப் போட்டு மிதித்து மூடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவந்து கயிற்றைத் தட்டிப் பாருங்கள், விறைத்த கயிறு அதிரும், தளர்ந்தது தொய்ந்து அடிக்கும்.

காற்று கூடும் என்று தெரிந்தால் காற்றுப் பக்கத்து இரண்டு ஹப்புக்கும் மரக்கட்டை ஆங்கர் போடுங்கள். இதைவிட உறுதியான பிடி கிடையாது. சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி ஆகரால் துளை போடுங்கள். 40 செ.மீ. நீளம், 4 செ.மீ. தடிமன் உள்ள கட்டையின் நடுவில் இழுகயிற்றைக் கட்டுங்கள், ஒரு முனையில் இன்னொரு மெல்லிய கயிறு. கட்டையை நெட்டுக்குத்தாகத் துளைக்குள் விட்டுக் கயிற்றை இழுத்தால், அடியில் குறுக்காகத் திரும்பி ஐஸின் கீழ்ப்புறத்தில் மாட்டிக்கொள்ளும். எடுக்கும்போது நடுக்கயிற்றைத் தளர்த்தி முனைக்கயிற்றை இழுத்தால் நேராக மேலே வரும். துளை மறுபடி உறையாதபடி அவ்வப்போது கரண்டியால் கிளறிவிடுங்கள், இல்லாவிட்டால் கயிறு ஐஸுக்குள் இறுகிவிடும். துளை இருப்பது தெரிய ஒரு கொடியோ கிளையோ நட்டு வையுங்கள்.

கீழ்மடிப்பும் மூச்சும்

டென்டின் அடியில் வெளியே விரியும் மடிப்புத் துணியின் மேல் 15 முதல் 20 செ.மீ. பனியைக் குவித்து மிதியுங்கள். காற்று அடியில் நுழைந்து தூக்குவதை இது தடுக்கும். மாலையில் பிரிப்பதானால் உலர்ந்த பனி மட்டும். நீர் ஊற்றினால் உறைந்து கல்லாகப் பிடிக்கும் என்பது உண்மைதான், பிரிக்கும்போது துணியும் அதோடு கிழிந்து வரும் என்பதும் உண்மை. பனியே இல்லாத வழுக்கு ஐஸில் ஆகர் தோண்டிய தூளையும், மூலைகளில் தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் வாளிகளையும் வையுங்கள். ஆனால் வாளி ஆங்கருக்கு மாற்றாகாது.

அடியை இப்படி அடைத்த பிறகு உள்ளே புரொப்பேன் ஹீட்டர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வரும்போதே உடல் சோர்ந்திருக்கும். எவ்வளவு குளிராக இருந்தாலும் மேலே ஒரு ஜன்னலும் கீழே கதவோரம் ஓர் இடைவெளியும் திறந்தே இருக்கட்டும், இரண்டும் காற்றுக்கு மறுபக்கத்தில். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். ஹீட்டரைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், வீச்சில் சுவர் உள்ளே குழிந்து வந்து தொடும்.

ஸ்லெட்டோடு இணைந்த மடக்கு டென்ட் என்றால் வேலை குறைவு. ஸ்லெட்டின் முதுகைக் காற்றுக்குக் காட்டி, சாமான்களின் பாரம் முழுவதும் அதிலேயே இருக்கவிட்டு, ஸ்லெட்டின் இரு மூலையிலும் ஆங்கர் போடுங்கள். முன்பக்கக் கம்பியைப் பனியில் புதையுங்கள், காற்று தூக்குவது அதைத்தான்.

ஒன்டாரியோ மாகாணத்தின் சிம்கோ ஏரியில் பதிவு செய்யாமல் வைக்கக்கூடியது விரித்த தரைப்பரப்பு 7 சதுர மீட்டருக்கு மேற்படாத துணி டென்ட் மட்டுமே. அதைவிடப் பெரியதென்றால் பதிவெண் வாங்கி வெளிச்சுவரில் எழுத வேண்டும்.

பிரிக்கும்போது

இருட்டுவதற்கு முன்பும் காற்று உச்சத்துக்குப் போவதற்கு முன்பும் தொடங்குங்கள். உள்ளே இருக்கும் சாமான்களை முதலில் ஸ்லெட்டில் ஏற்றிக் கட்டுங்கள், ஹீட்டரை அணைத்து ஆறவிட்டு. பாதுகாப்புக் கயிறு இன்னும் ஸ்லெட்டில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். கீழ்மடிப்பின் பனியை மறுபக்கத்திலிருந்து வழித்து எடுங்கள். கதவைத் திறந்து உள்காற்று வெளியேற வழிவிட்டு, கூரையை இறக்குங்கள். மறுபக்கச் சுவர்களை உள்ளே தள்ளி, அவற்றின் கயிறுகளையும் மூலை ஆங்கரையும் எடுங்கள். அதன் பிறகு காற்றுப் பக்கச் சுவர்கள். இப்போது துணி தரையோடு படிந்து கிடக்கும், மூன்று மூலை ஆங்கர் மட்டும் பிடித்திருக்கும். ஒருவர் துணியின் மேல் மண்டியிட்டு அழுத்த, மற்றவர் அதைக் காற்றை நோக்கிச் சுருட்டிக்கொண்டு வர வேண்டும். பக்கத்து மூலைகள் இரண்டும் சுருள் அங்கே வரும்போது கழலட்டும்; காற்றை நோக்கிய மூலை, சுருளை இறுக்கிக் கட்டிய பிறகே கழல வேண்டும்.

அத்தனையும் செய்தும் டென்ட் கைவிட்டுப் போனால் பின்னால் ஓடாதீர்கள். வழுக்கு ஐஸில் அதை யாராலும் எட்டிப் பிடிக்க முடியாது, அது போகும் திசையில் ஐஸின் தடிமன் என்ன என்று நீங்கள் அளந்திருக்கவும் மாட்டீர்கள். டென்ட் போனால் போகட்டும்.

கிளம்பும் முன் ஆங்கர்களை எண்ணுங்கள். பத்து கொண்டுபோனால் பத்தும் பையில் இருக்க வேண்டும். பனியில் புதைந்து நிற்கும் ஓர் ஆங்கர் மறுநாள் அந்த வழியில் வரும் ஸ்னோமொபைலுக்கும் நடந்து வரும் காலுக்கும் ஆபத்து. கட்டை போட்ட துளைகளைப் பனியால் நிரப்பி, நட்ட கிளையை அங்கேயே விட்டு வாருங்கள்.